ரொட்டி வாங்கப் போனவர்

எங்கள் மாமாவிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் முதலில் அவர் கையைப் பார்க்க வேண்டும். கையில் ஒன்றுமில்லை என்று நிச்சயமான பிறகுதான் வாயைத் திறக்கலாம். அவசரப்பட்டு நடுவில் பேசிவிட்டால், பொறு என்று உள்ளங்கையைக் காட்டுவார். காட்டுவதற்காகக் கையில் இருக்கும் டம்ளரை விட்டுவிடுவார். அந்த வீட்டில் கண்ணாடி டம்ளர் என்ற பேச்சே கிடையாது.

மாமா என்றால் என் அக்காவின் கணவர். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில், என்னைப் பிடிக்காமல்தான் இந்த மனுஷன் பதில் சொல்வதில்லை என்று நினைத்து நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அக்காதான் தனியாகக் கூப்பிட்டு விளக்கினாள். நான் கேள்வி கேட்டபோது அவர் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தாராம். கடைசிப் பொத்தான்வரை காத்திருந்தால் பதில் கண்டிப்பாக வருமாம். அடுத்த முறை காத்திருந்தேன். பதில் வந்தது. ஆனால் அதற்குள் என்ன கேட்டேன் என்பது எனக்கு மறந்துபோய்விட்டது.

என்னைப் பற்றியும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் தையல்காரி. வீட்டு முன்னறைதான் கடை. கை துணியைத் தள்ளும், கால் மெஷினை மிதிக்கும், தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன் இருக்கும், ஒரு கண் அடுப்பில் இருக்கும். பார்த்தவர்கள் எல்லாரும் வியந்திருக்கிறார்கள். நான் தைத்த பேன்ட் ஒன்றின் இரண்டு கால்களும் வேறு வேறு நீளத்தில் இருந்ததாக ஒரு கதை உலவுகிறது. அது அந்த ஆள் அளவெடுக்கும்போது நின்ற லட்சணம்.

அக்கா என்னையும் தூக்கிச் சாப்பிடுகிறவள். பெரிய மருத்துவமனையின் சமையல்கூடத்தில் மேற்பார்வையாளர். எந்த வார்டில் எந்தக் கட்டிலுக்கு உப்பில்லாமல் போக வேண்டும், யாருக்குக் கஞ்சி மட்டும், யாருக்கு நாளையிலிருந்து திட உணவு, எல்லாம் அவள் தலைக்குள் இருக்கும். அதை வைத்துக்கொண்டே பாத்திரம் கழுவுகிறவரோடு சண்டை போடுவாள், எனக்கு மாப்பிள்ளை பார்ப்பாள், அடுப்பில் எது பொங்குகிறது என்று திரும்பிப் பார்க்காமலே சொல்வாள். வீட்டுக்கு வந்தால் மாமாவின் தலையையும் அவளே ஓட்டினாள். காலையில் அவர் வேலைக்குக் கிளம்பும்போது வாசலில் நிற்பாள். சாவி என்பாள். அவர் சாவியை எடுத்துப் பையில் போடுவார். போட்டு முடியும்வரை காத்திருந்து, கண்ணாடி என்பாள். பிறகு தொப்பி. ஒரு தடவைக்கு ஒரு சொல்தான். இரண்டை ஒன்றாகச் சொன்னால் இரண்டும் வீட்டிலேயே கிடக்கும் என்பது கல்யாணமான முதல் வாரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மாமாவுக்கு ரோட்டில் வெள்ளைக்கோடு போடும் வேலை. சூடான பெயின்ட் நிரம்பிய வண்டியைக் கையால் தள்ளிக்கொண்டு நடக்க வேண்டும். வண்டி போகிற வழியில் கோடு விழும். சும்மா சொல்லக்கூடாது, மாமா போட்ட கோட்டைப் பார்த்தால் நூல் பிடித்த மாதிரி இருக்கும். அவருக்கு முன்னால் ஒருவர் சிவப்புக் கொடியோடு நடப்பார். வண்டிகளை நிறுத்துவது அவருடைய முதல் வேலை. மாமாவிடம் யாரும் பேசாமல் பார்த்துக்கொள்வது இரண்டாவது வேலை. அதுதான் கஷ்டமான வேலை என்று கொடிக்காரரே என்னிடம் சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் கொடிக்காரருக்குக் காய்ச்சல். அவருக்குப் பதிலாக வந்த ஆளுக்கு இந்த விவரம் தெரியாது. தபால் நிலையம் எங்கே இருக்கிறது என்று ஓர் அம்மா மாமாவிடம் நேராக வந்து கேட்டுவிட்டார். மாமா மரியாதை தெரிந்தவர். திரும்பி வழி காட்டினார். அவரோடு வண்டியும் திரும்பியது. பெரிய சாலையின் நடுக்கோடு அந்த இடத்தில் இன்றைக்கும் தபால் நிலையத்தைப் பார்த்து லேசாக வளைந்துதான் போகிறது. அலுவலகத்தில் கறுப்பு பெயின்ட் அடித்து மறைத்துப் பார்த்தார்கள். ஒவ்வொரு மழைக்கும் கறுப்பு கரைந்து வளைவு வெளியே வந்துவிடுகிறது. புதிதாகக் கார் ஓட்டப் பழகுகிறவர்கள் கோட்டை நம்பிப் போய் தபால் நிலைய வாசலில் நிற்பதாகக் கேள்வி.

அவர் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு அலுவலகத்தில் ஒரு புது வண்டி வந்தது. உட்கார்ந்து ஓட்டும் வண்டி. ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையில் பெயின்ட் விசை, காதில் ரேடியோ, ஒரு கண் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில். யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்ய ஓர் உளவியல் நிபுணர் அம்மா கம்ப்யூட்டரோடு வந்து பரீட்சை வைத்தார். திரையில் ஓர் எழுத்து வரும், பிறகு ஒரு கணக்கு வரும், மறுபடியும் எழுத்து, மறுபடியும் கணக்கு. கணக்கையும் போட வேண்டும், கடைசியில் எழுத்துகளையும் வரிசையாகச் சொல்ல வேண்டும். கொடிக்காரர் எழுத்தெல்லாம் சரியாகச் சொல்லிக் கணக்கில் கோட்டை விட்டார். மாமாவுக்குக் கணக்கு எல்லாம் சரி. எழுத்துகளைக் கேட்டபோது, எழுத்து எப்போது வந்தது என்று திருப்பிக் கேட்டிருக்கிறார்.

அந்த அம்மா நல்ல மாதிரி. உட்காரவைத்து விளக்கியிருக்கிறார். எல்லார் தலைக்குள்ளும் ஒரு மேஜை இருக்கிறது, அப்போதைக்கு வேண்டியதை அதன்மேல்தான் பரப்பி வைத்துக்கொள்கிறோம், சிலருக்குப் பெரிய சாப்பாட்டு மேஜை, சிலருக்குச் சின்னது, அது பிறவியிலேயே ஆளுக்கு ஆள் மாறும், புத்திசாலித்தனத்துக்கும் அதற்கும் நேரடிக் கணக்கு போடக்கூடாது என்றெல்லாம். மாமாவுக்கு இருப்பது மேஜைகூட இல்லை, முக்காலி. மாமா இதைக் கேட்டு வருத்தப்படவில்லை. தனக்கு என்ன என்று இத்தனை காலம் கழித்து ஒருவர் பெயர் சொல்லிவிட்டதில் அவருக்கு மகிழ்ச்சி. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்கு முக்காலியாம்" என்று அக்காவிடம் சொன்னார்.

"பரவால்ல. ஒருத்தர் உட்காரலாம்ல" என்றாள் அக்கா.

இவ்வளவுதான் என்றால் மாமாவின் கதை சிரிப்புக் கதையாகவே முடிந்திருக்கும். ஆனால் ரொட்டிக் கதை ஒன்று இருக்கிறது. அதையும் எங்கள் வீட்டில் சிரிப்புக் கதையாகத்தான் சொல்வார்கள்.

அவர்களுக்கு ஒரே மகள். அவள் தவழ ஆரம்பித்திருந்த சமயம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா அடுப்படியில் இருந்தபடியே, ரொட்டி வாங்கிவரச் சொல்லியிருக்கிறாள். சொன்னவள், அப்படியே பாப்பாவையும் காற்றாடத் தள்ளிக்கொண்டு போகச் சொல்லியிருக்கிறாள். அவ்வளவு உஷாரான அக்கா அன்று ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லிவிட்டாள். மாமா தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு ரொட்டிக்கடைக்குப் போனார். ரொட்டி அப்போதுதான் அடுப்பிலிருந்து இறங்கியிருந்தது. சூடு பொறுக்காமல் இரண்டு கையாலும் மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். அக்கா ரொட்டியை வாங்கிப் பலகையில் வைத்துப் பாதி அறுத்த பிறகு, பாப்பா எங்கே என்று கேட்டாள்.

எந்தப் பாப்பா என்று மாமா கேட்டதாகச் சொல்வார்கள். அப்படிக் கேட்கவில்லை என்று நான் சத்தியம் செய்ய முடியாது.

அக்கா செருப்பில்லாமல் ஓடினாள். ரொட்டிக்கடை அம்மா குழந்தையைக் கல்லாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, ரொட்டியின் ஓரத்தைக் கையில் கொடுத்திருந்தார். குழந்தை அதைச் சப்பிக்கொண்டு கடைக்கு வந்து போகிறவர்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் அன்றோடு அக்கா மகளை மாமாவிடம் தனியாக விடுவதை நிறுத்திவிட்டாள். வேலைக்குப் போகும்போது என்னிடம் விட்டாள், எனக்கு முடியாத நாளில் மருத்துவமனைக்கே தூக்கிக்கொண்டு போய்ச் சமையல்கூடத்து ஸ்டூலில் உட்காரவைத்தாள். நாங்கள் மாமாவை ஒன்றும் கேட்கவில்லை.

இந்தக் கதையைக் கல்யாண வீட்டில், காது குத்தில், ரயிலில், எங்கே சொந்தக்காரர்கள் சேர்ந்தாலும் யாராவது எடுத்துவிடுவார்கள். மகளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். மற்றவர்களைவிடச் சத்தமாகவே சிரிப்பாள். சிரித்து முடித்ததும் தண்ணீர் குடிக்கிற சாக்கில் எழுந்து உள்ளே போய்விடுவாள். அவள் நான் தூக்கி வளர்த்த பிள்ளை. அந்தச் சிரிப்பு எனக்கு ஒரு நாளும் பிடித்ததில்லை.

போன வருஷம் அக்கா போய்விட்டாள். வேலையிலிருந்து வந்தாள், கொஞ்சம் படுக்கிறேன் என்றாள், எழுந்திருக்கவில்லை. எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறவள் இதை மட்டும் சொல்லாமல் செய்தாள். எனக்கு அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை. மாமா அதற்குள் ஓய்வு பெற்றிருந்தார். அடக்கம் முடிந்த மறுநாள் காலையில் அவர் வாசலில் செருப்போடு நின்றுகொண்டிருந்ததைப் பார்த்தேன். எங்கேயும் போக வேண்டிய அவசியமில்லை. சாவி என்று யாராவது சொல்வார்கள் என்று நின்றிருந்தார். அன்றிலிருந்து நான் தினமும் சாயங்காலம் ஒரு நடை போய், அடுப்பு, கதவு, மாத்திரை என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு வருகிறேன். அந்த வீட்டுச் சாவி ஒன்று என்னிடம் இருக்கிறது.

அக்கா போன சில மாதங்களில் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பெண் குழந்தை. மருமகனுக்குக் கப்பலில் வேலை. ஆத்திர அவசரத்துக்குக் கூப்பிட்டால் வந்து சேர நடுவில் ஒரு கடல் இருக்கிறது. மகள் ஒரு மருந்துக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறாள். அவள் மறுபடி வேலைக்குப் போனதும் குழந்தையை என்னிடம்தான் விட்டாள். அதுவும் அவள் அம்மா விட்ட அதே மூலையில், அதே தொட்டிலில். நான் கால் ஒன்றில் தொட்டிலையும் இன்னொன்றில் மெஷினையும் ஆட்டிக்கொண்டு சமாளித்தேன்.

மாமா தினமும் என் கடைக்கு வந்து, வாடிக்கையாளர் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது வந்து உட்கார இடம் கேட்டால் எழுந்து நின்றுகொண்டு பார்ப்பார். ஒரு நாள் மகள் குழந்தையைக் கூட்டிப்போக வந்தபோது, வாரத்தில் ஒரு நாள் பாப்பாவைத் தன்னிடம் விட முடியுமா என்று கேட்டார். வியாழக்கிழமை என்றால் நல்லது என்றார். ஏன் வியாழக்கிழமை என்று அவருக்கே தெரியவில்லை. மகள், பார்க்கலாம்ப்பா என்றாள். அடுத்த வாரமும் கேட்டார். பார்க்கலாம்ப்பா என்றாள். மாமா பிடித்த பிடியை விடுகிற ஆள் இல்லை. அவளும் அவருக்குப் பிறந்தவள்தான்.

ஒரு சாயங்காலம் நான் போனபோது மாமா மாவுப் பையைத் துண்டில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு, அதன் முதுகைத் தட்டியபடி கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். என் வாய் சும்மா இருக்குமா, என்ன மாமா இது கூத்து என்று கேட்டுவிட்டேன். அவர் நிற்கவில்லை, கையைக் காட்டவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நடந்து முடித்து மாவுப் பையைக் கட்டிலில் மெதுவாகக் கிடத்தி, போர்த்திவிட்டு வந்து, "பழகிக்கிறேன்" என்றார். நான் கேட்டது எனக்கு இந்தத் தடவை மறக்கவில்லை. மகளிடம் போய்ச் சொன்னேன். அவள் சிரித்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

பிறகு என் பல் வந்து சேர்ந்தது. கடைவாய்ப் பல். பிடுங்கியே ஆக வேண்டும் என்று பல் டாக்டர் நாள் குறித்துவிட்டார். அதே நாளில் மகளின் கம்பெனிக்கு வெளியிலிருந்து சோதனை அதிகாரிகள் வருகிறார்கள். அவள் அங்கே இல்லாவிட்டால் வேலைக்கே ஆபத்து. வேறு யாரையெல்லாமோ கேட்டுப் பார்த்தாள். ஒருவரும் அகப்படவில்லை. இத்தனைக்கும் அது வியாழக்கிழமைகூட இல்லை, செவ்வாய்க்கிழமை.

காலையில் இருவரும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாமா வீட்டுக்குப் போனோம். மூன்றாம் மாடி. மணியடித்ததும் மாமா கதவைத் திறந்தார். கை ஈரமாக இருந்தது. சட்டையில் துடைத்துக்கொண்டார். மகள் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஆரம்பித்துவிட்டாள். பால் புட்டியை எந்தச் சூட்டில் வைப்பது, துணி எந்தப் பையில், ஜன்னலை எந்த அளவுக்குத் திறப்பது, அழுதால் என்ன, அழாவிட்டால் என்ன என்று மூச்சு விடாமல் கொட்டினாள். பால் புட்டி என்றதுமே மாமாவின் உள்ளங்கை மேலே எழும்பிவிட்டது. அவள் கவனிக்கவில்லை. நான் அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தி, உங்கம்மா எப்படிச் சொல்வாள், அப்படிச் சொல் என்றேன்.

அவள் நின்றாள். அவள் கண் கலங்கியிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். "அப்பா. பாப்பாவைப் பார்த்துக்கோங்க. வேற ஒண்ணும் செய்ய வேணாம். மதியம் சாப்பாட்டு நேரத்துல பாலுக்கு நானே ஓடி வந்துடுறேன். பாப்பாவை மட்டும் பார்த்துக்கோங்க."

"சரிம்மா" என்றார். கையைக் கீழே இறக்கி, பிறகு இரண்டு கையையும் நீட்டினார். அவள் குழந்தையைக் கொடுத்தாள். கொடுத்த பிறகும் கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

அப்புறம் நடந்ததை என் பக்கத்திலிருந்து சொல்கிறேன். பல் பிடுங்கியாகிவிட்டது. வாய் முழுக்கப் பஞ்சு. பாதி முகம் மரத்துப்போய், உதடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. போன் அடித்தது. மாமா வீட்டுக்குக் கீழ்வீட்டில் இருப்பவர். வேளை தவறினால் கோபம் வரும், வேளை தவறாவிட்டாலும் வரும், அப்படி ஒரு மனிதர். அவருடைய படுக்கையறைக் கூரையிலிருந்து தண்ணீர் கொட்டுகிறதாம். மேலே போய்க் கதவை உடைக்கிற மாதிரித் தட்டினாராம். யாரும் திறக்கவில்லையாம். உள்ளேயிருந்து ஆள் சத்தமே இல்லையாம். நான் ஏதோ சொன்னேன். பஞ்சு வழியாக என்ன வந்ததோ, அந்த மனிதர் என்னைக் குடித்திருக்கிறாயா என்று கேட்டார்.

தண்ணீர் என்றால் போகட்டும், தரைதானே. திறக்கவில்லை, சத்தமில்லை என்றதுதான் பயம். மாமா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போயிருக்கிறார், கையை வீசிக்கொண்டு வேறெங்கோ திரும்பியிருக்கிறார் என்று மனம் தானாகவே ரொட்டிக்கடைக்கு ஓடியது. மகளுக்குச் செய்தி அனுப்பினேன். ஆட்டோவில் போகிற வழியில் ஒவ்வொரு நடைபாதையையும் எட்டிப் பார்த்துக்கொண்டே போனேன், யாராவது கைக்குழந்தையை வைத்துக்கொண்டு முழிக்கிறார்களா என்று.

நான் படியேறும்போது மகளும் வந்துவிட்டாள். கம்பெனி வெள்ளைக் கோட்டைக்கூடக் கழற்றவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை. கதவுக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து படியில் இறங்கிக்கொண்டிருந்தது. கீழ்வீட்டுக்காரர் கையில் ஒரு வாளியோடு நின்றுகொண்டு, சட்டம் தெரியுமா என்று ஆரம்பித்தார். மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். நான் பையில் சாவியைத் துழாவினால் நூல்கண்டுதான் வருகிறது. மகள்தான் பையைப் பிடுங்கிச் சாவியை எடுத்துத் திறந்தாள்.

கூடம் முழுக்கத் தண்ணீர். மாமாவின் செருப்பு ஒன்று எங்களை வரவேற்க மிதந்து வந்தது. செய்தித்தாள்கள், அக்காவின் கால்மிதி, மேஜைக்கு அடியில் இருந்த அட்டைப்பெட்டி எல்லாம் நனைந்து ஊறியிருந்தன. மேஜைமேல் போன் அடித்து அடித்து ஓய்ந்து கிடந்தது. நடுவில் சாய்வு நாற்காலியில் மாமா உட்கார்ந்திருந்தார். பேன்ட்டின் கால்பகுதி நனைந்து ஒட்டியிருந்தது. அதைச் சுருட்டிவிடக்கூட இல்லை. குழந்தை அவர் தோளில் முகத்தைப் புதைத்துத் தூங்கிக்கொண்டிருந்தது. ஒரு சொட்டு ஈரம் அதன்மேல் இல்லை. அவருடைய ஒரு கை அதன் முதுகில் இருந்தது, இன்னொரு கை அடியில் தாங்கியிருந்தது. எங்களைப் பார்த்ததும் உள்ளங்கையைக் காட்டுவார் என்று எதிர்பார்த்தேன். காட்டவில்லை. தலையை மட்டும் லேசாக ஆட்டினார், சத்தம் போடாதே என்று.

போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. மகள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். எனக்குத் திட்ட வேண்டும் போலவும் அவரைக் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. வாயில் பஞ்சு. தோளில் போன் இல்லை, காலடியில் மெஷின் இல்லை. பேசவும் முடியாமல், என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரே ஒரு வேலை செய்தேன். நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"குழாய் ஓடுற சத்தம் கேக்கலையாப்பா?" மகள் மெல்லிய குரலில்தான் கேட்டாள்.

மாமா யோசித்தார். "கேட்டுச்சு. நீங்க மணியடிச்சப்ப துணி ஊறவைக்கத் திறந்தேன். அப்புறம் நீ இவளைக் குடுத்துட்ட."

"தூக்கிட்டே போய் மூடியிருக்கலாமே."

"அங்க போனா குழாய்தான் வேலையாயிடும். அதுக்கப்புறம் இவளை எங்க வச்சேன்னு எனக்குத் தெரியாது." அவர் குழந்தையின் முதுகைப் பார்த்தபடியே சொன்னார். "என்னைப் பத்தி எனக்குத் தெரியும்மா. முக்காலியில இவ உக்காந்திருந்தா. குழாயை எங்க வைக்கிறது?"

மகள் தண்ணீரில் நடந்து போய் அவர் முன்னால் நின்றாள். அவள் உதடு கோணிக்கொண்டு போனது. கல்யாண வீட்டில் சிரிக்கிற சிரிப்பு இல்லை அது. இத்தனை வயதுவரை அவள் கேட்காத ஒன்றை அந்தத் தண்ணீருக்குள் நின்றுகொண்டு கேட்டாள்.

"அப்ப அன்னைக்கு மட்டும் என்னை ஏன்ப்பா விட்டுட்டு வந்தீங்க?"

மாமா சட்டைப் பொத்தான் போடும்போது எப்படிக் காத்திருப்போமோ அப்படிக் காத்திருந்தோம். குழந்தை தூக்கத்தில் அசைந்தது. அது அடங்கும்வரை தட்டிக்கொடுத்தார். அடங்கிய பிறகு நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார்.

"அன்னைக்கு நான் ரொட்டி வாங்கப் போனேன்" என்றார். "உன்னைப் பார்த்துக்கன்னு ஒரு நாளும் யாரும் எங்கிட்ட விட்டதில்லம்மா."

அவள் அழுதாள். வாயைப் பொத்திக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள், குழந்தை எழுந்துவிடும் என்பதால். நானும் அழுதேன், மரத்துப்போன பக்கம் கண்ணீர் இறங்கியது தெரியவே இல்லை. அக்காவின்மேல் எனக்கு அந்த நேரத்தில் வந்த கோபமும் சேர்ந்ததுதான் அந்த அழுகை. என்மேல் வந்ததும்தான். தொட்டிலைத் தூக்கி என் மூலையில் போட்டுக்கொண்டு பெரிய ஆளாகத் திரிந்தவள் நானும்தானே.

மகள் குழந்தையை வாங்கக் கையை நீட்டினாள். பாதியில் இழுத்துக்கொண்டாள். "வச்சுக்கோங்க" என்றாள்.

அப்போது குளியலறைக்குள் தடாலென்று ஒரு சத்தம். கீழ்வீட்டுக்காரர் எங்களைத் தாண்டி உள்ளே போய்க் குழாயை மூடிவிட்டு, வழுக்கி விழுந்திருந்தார். அதுவரை அது ஓடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, ஊறப்போட்ட துணி ஒன்று தண்ணீர் போகும் ஓட்டையை அடைத்திருந்தது. ஒரே நேரத்தில் நாலு வேலை பார்க்கிற நானும், அம்மாவின் தலையைக் கொண்டு பிறந்ததாகப் பெயர் வாங்கிய மகளும் அந்தக் குழாயை நினைக்கவே இல்லை. கீழ்வீட்டுக்காரர் இன்றுவரை எங்களோடு பேசுவதில்லை. கூரைக்கு நாங்கள்தான் சுண்ணாம்பு அடித்துக் கொடுத்தோம். மாமாதான் அடித்தார். நான் கூடவே நின்று யாரையும் பேசவிடாமல் பார்த்துக்கொண்டேன்.

இப்போது வியாழக்கிழமைகளில் என் கடை மூலையில் தொட்டில் காலியாகக் கிடக்கிறது. மகள் காலையில் குழந்தையோடு அப்பா வீட்டுக்குப் போகிறாள். போனதும் முதலில் மொத்த வீட்டுக்கும் தண்ணீர் வரும் வால்வை மூடுகிறாள். கேஸை மூடுகிறாள். போனை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொள்கிறாள். பால் நேரத்துக்கு நான் போய்க் கொடுத்துவிட்டு வாயைத் திறக்காமல் திரும்பிவிட வேண்டும் என்று எனக்கும் உத்தரவு. அந்த வீட்டில் அன்றைக்கு அவரும் குழந்தையும் தவிர வேறெதுவும் ஓடக்கூடாது.

போன வியாழக்கிழமை நானும் கூடப் போயிருந்தேன். எல்லாவற்றையும் மூடிவிட்டு அவள் வாசலுக்கு வந்தாள். மாமா கதவருகே நின்றிருந்தார். கையில் ஒன்றுமில்லை. அக்கா நிற்கிற இடத்தில் அதே மாதிரி நின்று, அக்கா காத்திருக்கிற மாதிரியே காத்திருந்து, "பாப்பா" என்றாள்.

அவர் இரண்டு கையையும் நீட்டினார்.